ஒன்பதாவது கட்டம்

என் பிரிவுபசார நாளில் நீங்கள் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். கொடுப்பதற்கு முன்னால் பேன்ட்ரியில் ஒரு சின்னச் சண்டை நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். வயதான மனிதருக்குப் போய்க் கடிகாரம் கொடுப்பதா, எங்கள் வழக்கத்தில் அது ஆளைச் சாவுக்கு வழியனுப்புகிற மாதிரி என்று நம் சீனப் பிள்ளைகள் முகம் சுளித்தார்களாம். கடைசியில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, என்னிடம் ஒரு வெள்ளியை, அதாவது ஒரு டாலர் நாணயத்தை, வாங்கிக்கொண்டு, "இது கிஃப்ட் இல்ல சார், நீங்களே வாங்கிட்டீங்க" என்று சொல்லித்தான் பெட்டியைக் கையில் வைத்தீர்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கடிகாரம், கடிகாரம் என்று உங்கள் உயிரை வாங்கியவனுக்கு வேறு எதைக் கொடுத்திருப்பீர்கள்?

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒரு கதை இருக்கிறது. மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருமைப்படுகிற கதை என்றால் நாலு பேர் முன்னால் சொல்லலாம். இது அப்படிப்பட்டதல்ல, அதனால் எழுதுகிறேன்.

ஏதாவது ஒரு வழக்கில் பிடித்த லேப்டாப்போ போனோ நம் தடயவியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் நீங்கள் நிரப்புகிற படிவத்தில் எட்டாவது கட்டம் வரைக்கும் யாருக்கும் புகார் கிடையாது. பொருள் என்ன, யார் கொடுத்தது, அதன் கடிகாரம் என்ன காட்டியது, சரியான நேரம் என்ன, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போகும். ஒன்பதாவது கட்டத்தில் 'காரணம்' என்று மட்டும் இருக்கும். அந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று எழுத வேண்டும். அங்கே வந்ததும் எல்லோருக்கும் பேனா நின்றுவிடுகிறது. பாதிப் பேர் 'பேட்டரி பழசு' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறீர்கள். ஒருவர் 'கடவுளுக்கே வெளிச்சம்' என்று எழுதியிருந்தார். யார் என்று எனக்குத் தெரியும், இப்போது கேட்கப் போவதில்லை.

அந்தக் கட்டத்தைச் சேர்த்தது நான்தான். ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் சேர்த்தேன்.

நான் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. காக் என்றுதான் கூப்பிடுவோம். மலாயில் அக்கா. நம் ஆய்வுக்கூடத்தை ஒரு மேசையும் இரண்டு கணினியுமாகத் தொடங்கியவர் அவர். யார் எந்தப் பொருளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாலும், தலையை நிமிர்த்தாமலே அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஜாம் பெத்துல்?" கடிகாரம் சரியா என்று அர்த்தம். 'பார்க்கவில்லை' என்று சொன்னால் பொருளோடு நம்மையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுவார், பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கணினி எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு நேரத்தைக் குறித்து வைக்கிறது. அந்த நேரம் சரியா என்று அதனிடமே கேட்டால் சரி என்றுதான் சொல்லும். இதை அவர் எனக்கு ஒரு நூறு தடவை சொல்லியிருப்பார். நான் உங்களுக்கு இருநூறு தடவை சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த ஒரு முறை நான் பார்க்கவில்லை.

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில், கப்பலுக்குக் குழாய் வேலை செய்கிற ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு, அவர்களுடைய வரைபட அறையில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்துகிற கணினியில் யாரோ ஒரு தம்ப் டிரைவைச் செருகி, புதிய வேலை ஒன்றின் வரைபடங்கள் அத்தனையையும் நகல் எடுத்திருந்தார்கள். சில வாரங்களில் அதே வரைபடங்கள் போட்டி நிறுவனத்தின் கையில் இருந்தன. பொதுக் கணினி, பொதுக் கடவுச்சொல். கடவுச்சொல்லை ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். அறையில் கேமரா கிடையாது. நகல் எடுத்தது யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

நிறுவனத்தார் ஒரு பெயரைச் சொன்னார்கள். தங்கராசு. மன்னார்குடிப் பக்கத்து ஆள், முப்பத்தாறு வயது, அங்கே பதினொரு வருடமாக வேலை. குழாய்களை அளந்து சரிபார்க்கிற வேலை. கப்பல்பட்டறை யார்டுக்குள் ஒரு கன்டெய்னரில் இருந்த சைட் ஆபீஸில் அவருக்கு ஒரு பழைய லேப்டாப் கொடுத்திருந்தார்கள். அளவுகளை அதில் பதிவு செய்வார். இணையம் கிடையாது, எந்த வலையோடும் தொடர்பு கிடையாது. அவர்மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம், அந்த மாதம் அவர் வேறு கம்பெனிக்கு மாறுவதற்கு விசாரித்தார் என்பது மட்டும்தான்.

லேப்டாப் என்னிடம் வந்தது. அந்த வாரம் என் மேசையில் ஏழு வழக்குகள் கிடந்தன என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. அவர்களுடைய ஐ.டி. மேலாளர் கூடவே ஒரு தாள் அனுப்பியிருந்தார். 'நேர மண்டலம்: சிங்கப்பூர். நேரம்: சரி' என்று அதில் இருந்தது. நானும் லேப்டாப்பை உயிரூட்டாமல், அதன் வட்டை நகல் எடுத்து அதில் அமைப்பைப் பார்த்தேன். சிங்கப்பூர் என்றுதான் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன். மண்டலத்தைப் பார்த்தேனே ஒழிய மணியைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று நேற்று வேலைக்கு வந்த உங்களுக்குக்கூடத் தெரியும்.

லேப்டாப்பில் ஒரு பதிவு கிடைத்தது. அதே செவ்வாய்க்கிழமை, பதினொன்று பன்னிரண்டுக்கு ஒரு தம்ப் டிரைவ் செருகப்பட்டிருந்தது. கூடவே ஒரு போனும். பதினொன்றரைக்கு இரண்டையும் கழற்றியிருந்தார்கள். பொதுக் கணினியில் செருகியதும் இதுவும் ஒரே ரகம். நிறுவனத்தின் ஆண்டு விழாவில் எல்லோருக்கும் கொடுத்த மலிவுச் சரக்கு, உள்ளே இருக்கிற எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றேதான். பதினொன்று ஐந்துக்கு அங்கே, பதினொன்று பன்னிரண்டுக்கு இங்கே. இடையில் ஏழு நிமிடம்.

இப்போது நான் செய்த கோமாளித்தனத்தைக் கேளுங்கள். நானே துவாஸுக்குப் போய், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, வரைபட அறையிலிருந்து சைட் ஆபீஸ் வரைக்கும் நடந்து பார்த்தேன். கையில் ஸ்டாப் வாட்ச். ஆறு நிமிடம் நாற்பது வினாடி. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? தரையை வினாடிக் கணக்கில் அளந்தவன், அந்த லேப்டாப்பை ஒரு தடவை உயிரூட்டி மணி என்ன என்று பார்க்கவில்லை.

விசாரணை அதிகாரி கோமளா. புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்த பெண், கெட்டிக்காரி, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். தங்கராசுவுக்குத் தமிழ்தான் வசதி என்பதாலும், பதிவுகளை விளக்க ஆள் வேண்டும் என்பதாலும் அந்த வெள்ளிக்கிழமை விசாரணையில் என்னையும் உட்காரச் சொன்னாள்.

தங்கராசு யார்டிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையை மட்டும் மாற்றியிருந்தார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"தம்ப் டிரைவ் போட்டீங்களா?" என்று கோமளா கேட்டாள்.

"போட்டேன் மேடம். இல்லேன்னு சொல்லல. பாப்பாவுக்குக் காது குத்துனப்ப என் போன்ல எடுத்த படங்க. ஊர்ல ஸ்டுடியோவுல ஆல்பம் போடணும்னு வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. என் ரூம்மேட் அன்னிக்கு சாயங்காலம் ஊருக்குப் போனாரு. அவர்கிட்ட குடுத்துவிடத்தான் ஏத்துனேன்."

"அப்ப அந்தத் தம்ப் டிரைவ் இப்ப இங்க இல்ல?"

"ஊர்ல இருக்கு மேடம்."

கோமளா என்னைப் பார்த்தாள். எவ்வளவு வசதியாக ஊருக்குப் போய்விட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நானும் அதையேதான் நினைத்தேன்.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"சாப்பிட்டுட்டு வந்துதான். ஒன்றரைக்கு மேல இருக்கும். காலையில நான் மேல சாரத்துல நின்னேன்."

அந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். அச்சடித்த தாளை அவர் பக்கம் தள்ளினேன். நான் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுகிறேன். "தம்பி, மெஷின் பொய் சொல்லாது."

அவர் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'சிங்கப்பூர் நேரம்' என்று நான் அச்சிட்டிருந்தேன். பதினொன்று பன்னிரண்டு என்ற இடத்தில் விரல் நின்றது. தாளைத் திருப்பி என் பக்கமே வைத்தார்.

"அப்ப நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டிருக்கேன் போல. நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். காலையிலயே போட்டேனோ என்னமோ."

கோமளா அதை எழுதிக்கொண்டாள். ஒப்புக்கொண்டதற்கு ஏறக்குறையச் சமம் அது. பொய் சொல்கிறவன் பதிவோடு சண்டை போடுவான் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். யோக்கியமானவன் என்ன செய்வான் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவன் நம் தாளை நம்பித் தன் ஞாபகத்தைக் கைவிட்டுவிடுவான். எனக்கு அது அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை மாலையே அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை குற்றம் சாட்டுவதாக ஏற்பாடு. அதன் பிறகு இங்கே வேலை செய்ய அவருக்கு இருக்கிற அனுமதி பாஸ் போய்விடும். திருடன் என்ற பெயரோடுதான் மன்னார்குடிக்குப் போக வேண்டியிருக்கும், அதுவும் எப்போது என்று தெரியாது.

இனி என் வீட்டுக்கு வாருங்கள். ஃபேரர் பார்க்கில் ஏழாவது மாடி. உங்களில் பல பேர் வந்து என் மனைவி வசந்தா கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவள் சொந்த ஊர் திருவாரூர். கல்யாணம் ஆகி இங்கே வந்த முதல் வாரம், சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் பச்சை விளிம்பு வைத்த ஒரு கடிகாரம் வாங்கி அடுப்படியில் மாட்டினாள். இரண்டரை மணி நேரம் பின்னால் காட்டியது. சரி செய்யலாம் என்று நான் ஸ்டூல் போட்டு ஏறினேன்.

"அதத் தொடாதீங்க," என்றாள். "அது எங்க வீட்டு மணி."

திருவாரூரில் இப்போது அம்மா எழுந்திருப்பார், தங்கை காலேஜுக்குக் கிளம்பியிருப்பாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்க்கலாமே என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கணக்குதான், நிமிர்ந்து பார்த்தால் வீடு தெரியுது என்றாள். நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன். அந்த மாதமே ஒரு நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வேலைக்குப் போய், காக்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கடிகாரத்தின் பக்கம் பார்ப்பதையே விட்டேன். அவளுடைய அம்மா காலமான பிறகும் அது அதே நேரத்தில்தான் ஓடியது. இனி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "அங்க யாராச்சும் முழிச்சிருப்பாங்கல்ல," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்படி வாசலில் காப்பிக் குவளையோடு நின்றுகொண்டிருந்தேன். தோசை வார்த்துக்கொண்டே வசந்தா தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஏழரைதான ஆவுது, அதுக்குள்ள என்னடி அவசரம்," என்றாள்.

என் கைக்கடிகாரத்தில் மணி பத்து.

குவளையை அங்கேயே வைத்துவிட்டேன். பதினொன்று பன்னிரண்டோடு இரண்டரை மணியைக் கூட்டினால் ஒன்று நாற்பத்திரண்டு. சாப்பிட்டுவிட்டு வந்துதான், ஒன்றரைக்கு மேல் இருக்கும் என்று அந்த மனிதர் சொன்னார். வலையில் சேராத லேப்டாப், தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ள அதற்கு வழி கிடையாது. மண்டலம் கிண்டலம் எதையும் தொடாமல், சுவர்க் கடிகாரத்தைத் திருப்புகிற மாதிரி அவர் முள்ளை மட்டும் திருப்பி வைத்திருந்தால்? என் வீட்டில் அத்தனை வருடமாக அதுதானே நடக்கிறது. உலகத்தில் வேறு எந்தத் தடயவியல்காரன் இதைத் தவறவிட்டாலும் மன்னிக்கலாம். நான் தவறவிட்டதற்கு மன்னிப்பே கிடையாது.

இனி சொல்லப்போவதுதான் மேடையில் சொல்ல முடியாதது. நான் உடனே போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் அறிக்கை ஒன்றுகூட அதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை. இது வெறும் ஊகம், திங்கட்கிழமை போய்ச் சத்தமில்லாமல் பார்க்கலாம், அப்படியே இருந்தால் ஒரு துணைக் குறிப்பு எழுதிச் சேர்த்துவிடலாம் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. துணைக் குறிப்பு என்பது எவ்வளவு நாகரிகமான சொல். ஒரு மனிதர் மேல் குற்றம் சாட்டிய பிறகு அடியில் சின்ன எழுத்தில் வரும். வசந்தா வந்து பார்த்தாள். "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றாள். இல்லை என்றேன். அவளிடம்கூட அப்போது சொல்லவில்லை.

கடைசியில் காக்குக்குப் போன் செய்தேன். அவர் அப்போது ஓய்வுபெற்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். துணைக் குறிப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "முதல்ல ரிப்போர்ட்டை முழுசா திரும்ப வாங்கு. வெட்கப்படறதுக்கு அப்புறம் நிறைய டைம் இருக்கு."

ஜாம் பெத்துல் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

கோமளாவைக் கூப்பிட்டேன். குழந்தையோடு நீச்சல் குளத்தில் இருந்தாள்.

"என்ன அண்ணே, நாளைக்கு சார்ஜ் பண்ணப் போறோம், இப்பப் போய் இப்படிச் சொல்றீங்க. பாஸ்கிட்ட நான் என்ன சொல்றது லா?"

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு. என் பேரைப் போட்டே சொல்லு."

குழந்தையைக் கரையேறச் சொல்வது கேட்டது. "ஒரு மணி நேரத்துல வர்றேன்," என்றாள்.

ஆதார அறையில், அவள் முன்னிலையில், லேப்டாப்பிலிருந்து தகவல் வட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, வெறும் உடம்பை மட்டும் உயிரூட்டினேன். கடிகாரம் அந்த உடம்பில்தான் இருக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது, ஐந்து நிமிட வேலை. சுவரில் மணி பன்னிரண்டு ஐம்பது. லேப்டாப்பில் பத்து இருபது.

கோமளா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாள். அதனால்தான் அவளைக் கெட்டிக்காரி என்றேன்.

"இது இன்னிக்கு இருக்கற நேரம். அந்த செவ்வாய்க்கிழமையும் இப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? மாட்டிக்குவோம்னு தெரிஞ்ச பிறகு மாத்தியிருந்தா?"

பதில் லேப்டாப்புக்குள் கிடைக்காது. எந்தக் கடிகாரத்தைச் சந்தேகப்படுகிறோமோ அதையே சாட்சிக்குக் கூப்பிட முடியாது. திங்கட்கிழமை காலை குற்றச்சாட்டை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் துவாஸுக்குப் போனோம். சைட் ஆபீஸில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. சாரத்தில் நின்று அளக்கும்போது தங்கராசு கையால் எழுதுகிற நோட்டு. குழாய் எண், அளவு, மணி, பக்கத்தில் ஃபோர்மனின் கையெழுத்து. சாயங்காலம் அதைப் பார்த்துத்தான் லேப்டாப்பில் ஏற்றுவார். முதல் தடவை நாங்கள் வந்து மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தோம். நோட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபோர்மன் ஒரு வங்காளதேசத்துக்காரர். தினமும் மாலை ஐந்தரைக்கு வேலை முடிவதாக நோட்டின் கடைசி வரியில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு ஏற்றிய அளவுகளுக்கு லேப்டாப் குறித்திருந்த நேரமோ மாலை மூன்று ஐந்து, மூன்று பத்து. ஒரு நாள் இல்லை, இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினோம். பதினொன்றுக்கு ஒரு குழாய், பதினொன்று பத்துக்கு இன்னொன்று, பதினொன்று இருபதுக்கு மூன்றாவது. மூன்றிலும் ஃபோர்மன் கையெழுத்து. வரைபட அறையில் யாரோ வரைபடங்களைத் திருடிக்கொண்டிருந்த நேரத்தில் தங்கராசு நாலு மாடி உயரத்தில் சாரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த அவரைக் கூப்பிட்டனுப்பினோம். பயந்துபோய் வந்தார்.

"அந்த லேப்டாப்ல மணியை மாத்தி வச்சிருந்தீங்களா?" என்று நான் கேட்டேன்.

அதுவும் ஒரு குற்றமோ என்று நினைத்தார் போலிருக்கிறது. "மன்னிச்சிருங்க சார். கம்பெனி சாமான்தான், நான் கை வச்சிருக்கக் கூடாது. எங்களுக்கு டீ டைம் பத்தே முக்கால். ஊர்ல அப்ப எட்டேகால். பாப்பா ஸ்கூல் வேனுக்கு நிக்கிற நேரம். அத விட்டா ராத்திரிதான், அவ தூங்கிருவா. அதான் பாத்த ஒடனே தெரியட்டும்னு ஊரு மணிக்கு வச்சேன். ரெண்டு வருசம் ஆச்சு, வச்சதே மறந்துபோச்சு."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"பேப்பர்ல சிங்கப்பூர் நேரம்னு போட்டிருந்துச்சே சார். சிங்கப்பூர் நேரத்த நான் எங்க மாத்தினேன்? அந்த லேப்டாப்பத்தான் மாத்தினேன்."

கோமளா வெளியே போய் நின்றுகொண்டாள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "ஐயோ, என்ன சார் நீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அந்தக் கன்டெய்னரில் நின்றபடியே அழுதார். நான்கு நாள் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அழுதார். எனக்கும் தாங்கவில்லை. என் அறிக்கையால் ஒருவர் அழுவதை நான் நேரில் பார்த்தது அந்த ஒரு முறைதான். நீங்களும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நான் விரும்புவது தப்பாக இருக்கலாம், ஆனாலும் விரும்புகிறேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். முழுசாக. மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், பதில் சொன்னேன், பதவி உயர்வு ஒன்று தள்ளிப்போனது, அது பெரிய விஷயமில்லை. வரைபடங்களைத் திருடியவர் பிறகு பிடிபட்டார். அலுவலகத்துக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த ஆள்தான், அதைக் கண்டுபிடித்தது கோமளா. தங்கராசு அந்த நிறுவனத்தில் தொடர விரும்பவில்லை. ஜூரோங்கில் வேறு யார்டுக்குப் போனார். அந்த வாரமே நான் படிவத்தில் ஒன்பதாவது கட்டத்தைச் சேர்த்தேன். ஒரு கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்றால் பாதி நேரம் பேட்டரிதான், எனக்கும் தெரியும். மீதி நேரம் அதை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். திருப்பி வைத்தவருக்கு ஒரு காரணம் இருக்கும். எல்லாக் காரணமும் திருட்டுத்தனமாக இருக்க வேண்டியதில்லை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று தங்கராசுவிடம் ஒருநாள் சொன்னேன். அதற்கடுத்த தீபாவளிக்குப் பலகாரத்தோடு வீட்டுக்கு வந்தவர், என்னிடம் பேசுவதற்கு முன்னால் நேராக அடுப்படிக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, திருவாரூர்ல இப்ப எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிச்சிருப்பாங்கல்ல?" என்றார். அதோடு நான் வெளியாள் ஆகிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஊர்க் கதை பேசினார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்படித்தான்.

வசந்தா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் போன கொஞ்ச நாளில் அந்தப் பச்சைக் கடிகாரமும் நின்றுவிட்டது. பேட்டரி மாற்றிப் பார்த்தேன், உள்ளே எந்திரமே தேய்ந்துபோயிருந்தது. ஆணியை மட்டும் விட்டுவைத்தேன். அடுப்படிக்குப் போய் வருகிற போதெல்லாம் என் கண் அந்த ஆணிக்குப் போகும். கடிகாரம் இருந்த காலத்தில் அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டேன். நீங்கள் கொடுத்த கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் தங்கராசு வந்தார். மகள் எட்டாம் வகுப்பாம், இப்போதெல்லாம் அவள்தான் இவரைக் கூப்பிட்டுச் சாப்பிட்டீர்களா என்று அதட்டுகிறாளாம். பேசிக்கொண்டே அடுப்படிக்குப் போனவர் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு நின்றார். கூடத்தில் கிடந்த பெட்டியையும் பார்த்தார். என்னைக் கேட்காமலே பிரித்து, பேட்டரி போட்டு, ஸ்டூலை இழுத்து ஏறினார். முள்ளைத் திருப்புவதற்கு முன்னால் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"எந்த நேரம் சார் வைக்கட்டும்?"

"அக்கா நேரமே வைங்க," என்றேன்.

வைத்துவிட்டு இறங்கினார். நான் மேசை இழுப்பறையிலிருந்து பழைய படிவம் ஒன்றை எடுத்து வந்து உட்கார்ந்தேன். பழக்கதோஷம், கை சும்மா இருக்கவில்லை. பொருள்: சுவர்க் கடிகாரம், ஒரு வெள்ளிக்கு வாங்கியது. சரியான நேரம்: காலை பதினொன்று ஐந்து. கடிகாரம் காட்டுவது: எட்டு முப்பத்தைந்து. வித்தியாசம்: இரண்டரை மணி நேரம் பின்னால்.

ஒன்பதாவது கட்டத்தில் வசந்தா என்று எழுதினேன்.